ஆரோக்கியமான ரத்தம்

என் தம்பியின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. ஜீரோ அக்கா. வெளியாட்கள் கேட்டால் வசவு என்று நினைப்பார்கள். அங்கே அது மரியாதை.

அவன் என்ன செய்கிறான் என்று எனக்குப் புரிகிற மாதிரி ஒரு தடவை சொன்னான். தங்கத்தைப் பொடிக்கும் பொடியாக, கண்ணுக்கே தெரியாத துகளாக ஆக்கித் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். அந்தத் தண்ணீர் மஞ்சளாக இருக்காது, நல்ல சிவப்பாக இருக்கும். கட்டி ஒன்று உடம்புக்குள் வளர்ந்தால் அது ரத்தத்தில் ஒரு புரதத்தைக் கசியவிடும். அந்தப் புரதத்தை மட்டும் கவ்விக்கொள்கிற மாதிரி தங்கத் துகளைத் தயார் செய்து, நோயாளியின் ரத்தத்தோடு கலந்து, ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து லேசர் ஒளியைப் பாய்ச்சுவார்கள். சிதறி வரும் ஒளியில் துளியூண்டு நிறம் மாறி வரும். அது திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடாக விழும். அந்தப் புரதம் இருந்தால், அதற்கென்று இருக்கிற இடத்தில் ஒரு மேடு எழும்பும். தங்கம் இல்லாவிட்டால் அந்த மேடு கண்ணில் படவே படாதாம்.

"எனக்குக் கழுத்துல போட ஒரு பொட்டுத் தங்கம் வாங்கித் தரல, ஊரார் ரத்தத்துக்குப் போடறியா" என்று அன்றைக்குக் கேலி செய்தேன்.

இதில் நான் எங்கே வருகிறேன் என்றால், ரத்தம் என்றாலே அதற்குச் சொந்தமாக ஆயிரம் மேடு பள்ளம் உண்டு. நோய் இல்லாதவருடைய கோட்டை எடுத்து நோயாளியின் கோட்டிலிருந்து கழித்தால்தான் மிச்சம் நிற்பது நோய் என்று தெரியும். அந்த நோய் இல்லாதவர் நான், அதனால்தான் ஜீரோ. எனக்குச் சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டதில்லை. நரம்பு பளிச்சென்று தெரியும். எல்லாவற்றையும்விடப் பெரிய தகுதி, அவன் இருக்கும் வீட்டிலேயே இருக்கிறேன். கீழே என் மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே நாங்கள் இருவரும். ஊசியோடு படியிறங்கி வந்தால் வேலை முடிந்தது.

பலபேருடைய ரத்தத்தைக் கலந்துதான் இதைச் செய்ய வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஆளைத் தேடி, சம்மதம் வாங்கி, பரிசோதித்து எடுப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு அக்கா என்று ஆரம்பித்தான். ஆரம்பித்தது அப்படியே நின்றுவிட்டது. என் ரத்தத்தின் கோடு அவ்வளவு சுத்தமாக விழுகிறது என்று அவனுக்கு அதில் ஒரு பெருமை வேறு.

எங்கள் அம்மா சினைப்பைப் புற்றுநோயில் போனாள். வாயு என்றார்கள், வயதுக் கோளாறு என்றார்கள், கடைசியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்து அனுப்பினார்கள். தம்பி அப்போது வேறு ஏதோ ஒளி சம்பந்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். அன்றோடு எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு இதில் இறங்கினான். கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவான். நானும் அப்படித்தான். அந்த விஷயத்தில் நாங்கள் ஒரே அச்சு.

அவனுடைய மெஷின் பெரிய ஆஸ்பத்திரியில் சோதனைக்குப் போனபோது வீட்டில் விளக்கெரிந்த மாதிரி இருந்தது. அங்கே ஸ்கேனுக்குக் காத்திருக்கிற பெண்களின் வரிசை மாதக்கணக்கில் நீளும். யாருக்கு அவசரம், யாருக்கு இல்லை என்று தெரியாமல் பெரிய டாக்டர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். தம்பியின் மெஷினில் மேடு காட்டினால் முன்வரிசை, ஒன்றும் காட்டாவிட்டால் கடைசி வரிசை என்று ஏற்பாடு ஆயிற்று. யாருக்கும் ஸ்கேன் மறுக்கப்படவில்லை. முன்பின்தான். ஆனால் இந்த நோயில் முன்பின் என்பதுதான் எல்லாமே. அதை அம்மாவிடம் பார்த்தவர்கள் நாங்கள்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். எதைத் தொடாதே என்கிறார்களோ அதைத்தான் தொடுவாள் என்பதால் எல்லோரும் அவளை வாலு என்பார்கள். அந்த வாலுதான் எல்லாரும் தள்ளிப்போட்ட வேலையை இழுத்துப் போட்டுச் செய்தாள். பலபேரிடம் அலைந்து ரத்தம் வாங்கி, கலந்து, அதை வைத்துப் புதிதாக ஒரு அடிக்கோடு போட்டாள். போட்டவள் சும்மா இருக்காமல், ஜீரோ அக்கா எவ்வளவு ஜீரோ என்று பார்க்கலாமே என்று என் ரத்தத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

எனக்கு மேடு இருந்தது.

இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், தம்பி ஊசியோடு கடைக்கு வந்து நின்றான் என்பதுதான்.

"இப்பதானேடா எடுத்துட்டுப் போன?"

"தங்கம் கெட்டுப்போச்சுக்கா."

"தங்கம் எங்கயாவது கெடுமா?"

"என் தங்கம் கெடும். கைய நீட்டு."

கெட்ட தங்கம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீலமாகிவிடும் என்று அவனே எனக்குச் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு அது நீலமாகவில்லையாம். சிவப்பாகவே இருந்ததை எடுத்துச் சாக்கடையில் கொட்டினானாம். வாலு பார்த்துக்கொண்டு நின்றாளாம். கண்ணாடிக் குடுவைகளையெல்லாம் அமிலத்தில் ஊறப்போட்டுக் கழுவி, புதிதாகத் தங்கம் செய்து, புதிதாக என் ரத்தத்தை வைத்துப் பார்த்தான். மறுபடியும் அதே இடத்தில் அதே மேடு. லேசரைக் கழற்றி மாட்டினான். மறுபடியும் வந்தான்.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு?"

 நரம்பைப் பார்த்து ஊசியை இறக்கினான். நான் நாள் முழுக்கக் கண் பரிசோதிக்கிறவள். கடைசி வரி எழுத்து தெரியாதவர்கள் ஒரு காரியம் செய்வார்கள். பலகையைப் பார்க்க மாட்டார்கள், என் முகத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்வார்கள். இவன் என் முகத்தையும் பார்க்கவில்லை. குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தான், என் தோளைப் பார்த்தான், சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிப் பிரேம்களைப் பார்த்தான்.

"என்னடா காட்டுது மெஷினு?"

"தப்பா காட்டுதுக்கா."

"தப்பா என்ன காட்டுது?"

"மேடு."

"யாரு ரத்தத்துல?"

பஞ்சை என் கையில் வைத்து அழுத்தினான். வேண்டிய நேரத்துக்கு மேல் அழுத்திக்கொண்டே இருந்தான்.  என் வயிறு கொஞ்ச நாளாகவே உப்பிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டால் போதும் என்றிருந்தது. உட்கார்ந்தே வேலை செய்கிற உடம்பு, வயது வேறு ஆகிறது என்று நானும் விட்டுவிட்டேன். அம்மாவைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் விட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் மனுஷனுக்குத் தன் விஷயம் என்று வந்தால் கண் அவிந்துவிடுகிறது.

"நான் இப்ப மெஷின் சரியா இருக்கணும்னு வேண்டிக்கவா, தப்பா இருக்கணும்னு வேண்டிக்கவா? அதையாவது சொல்லு."

"நாளைக்கு ஸ்கேன். பெரிய டாக்டர்கிட்ட பேசிட்டேன். காலையில கிளம்பிடணும்."

"டாக்டர்கிட்ட என்னன்னு சொன்ன?"

"அக்காவுக்கு வயிறு சரியில்லைன்னு சொன்னேன்."

அவ்வளவுதான் சொல்லியிருந்தான். அதில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் பயம் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஸ்கேன் கூடத்தில் தரையோடு திருகப்பட்ட இரும்பு நாற்காலிகள். சுவரோரம் தண்ணீர் மெஷின். ஒரு கதவு, அதன்மேல் சிவப்பு விளக்கு. வெறும் வயிறாக டோக்கனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தம்பி உட்காராமல் நடந்துகொண்டே இருந்தான். என் பக்கத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தாள். பஸ் கண்டக்டர், சீருடையோடேயே வந்திருந்தாள். சட்டையின் கீழ்ப் பொத்தான் போடாமல் திறந்து கிடந்தது. அதை நான் பார்த்ததைப் பார்த்துவிட்டாள்.

"மூட மாட்டேங்குது. எழுந்து இடம் குடுக்குறாங்க எனக்கு, பஸ்ல. கண்டக்டருக்கே. எத்தனாவது மாசம்மானு கேக்குறாங்க. பொண்ணுக்கே கல்யாண வயசு" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். "உங்க டோக்கன் என்ன?" என்று கேட்டேன்.

"டோக்கன் எங்க குடுத்தாங்க. என் முறை எப்ப வரும்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் நாளாகும்ங்கறாங்க. நான் கடைசி வரிசையாம்."

"ஏன் கடைசி?"

"புதுசா ஏதோ மெஷின் வந்திருக்காம்ல, தங்கத்துல பாக்கறது. அதுல என் ரத்தத்துல ஒண்ணுமே இல்லன்னு வந்துடுச்சு. சுத்தமா ஜீரோன்னாங்க. அதனால பயப்படாதீங்க, மெதுவா வாங்கன்னுட்டாங்க. அதுவும் நல்லதுதான். வலிதான் கொஞ்சம் தாங்கல."

வயிற்றை மெல்லத் தேய்த்துக்கொண்டாள்.

எனக்கு உடனே புரியவில்லை. தண்ணீர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. தராசுத் தட்டின் அடியில் முதலிலேயே ஒரு கல் ஒட்டியிருந்தால், அந்தக் கல் கனத்துக்கு எதிர்த்தட்டில் சாமான் போட்டாலும் முள் நடுவில்தான் நிற்கும். அந்தக் கல் நான். என் ரத்தத்தில் மேடு இருந்தது. என்னைக் கழித்தபோது இந்த அம்மாவின் மேட்டையும் சேர்த்துக் கழித்துவிட்டார்கள். இவளுக்கு நோய் இல்லையென்று மெஷின் சொல்லவில்லை. ஜீரோ அக்கா அளவுக்கு இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னது. இவள் மாதிரி இன்னும் எத்தனை பேர் அந்தக் கடைசி வரிசையில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு காத்திருக்கிறார்களோ.

தம்பியின் கையைப் பிடித்து வராந்தா மூலைக்கு இழுத்துப்போனேன்.

"கடைசி வரிசைக்காரங்க விஷயம் டாக்டருக்குத் தெரியுமா?"

அவன் முகம் வெளுத்துப்போனது. 

"தெரியாதா? உனக்கு எத்தனை நாளா தெரியும்?"

"உறுதியாகணும்ல அக்கா. உன் ஸ்கேன் வந்தாதான் மெஷின் சரியா தப்பான்னு தெரியும். மொதல்ல நீ உள்ள போயிட்டு வா. வந்ததும் சொல்லிடறேன். சத்தியமா."

"இப்ப சொன்னா என்ன?"

"இப்ப சொன்னா இன்னிக்கு எல்லாத்தையும் நிறுத்திடுவாரு. வரிசை மொத்தமும் மாத்துவாங்க. அவங்க எல்லாரும் முன்னாடி வந்துடுவாங்க. உன் முறை எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? அம்மாவுக்கு நடந்தது உனக்கும் நடக்கணுமா?"

"அம்மாவுக்கு நடந்ததத்தாண்டா நீ அவங்களுக்குப் பண்ணிட்டிருக்க."

கையை ஓங்கிவிட்டேன். சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் தப்பித்தான். ஆத்திரம் ஒரு பக்கம், அவன்மேல் பாசம் ஒரு பக்கம் என்று சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் பாசம் ஒன்றும் இல்லை, ஆத்திரம்தான். எனக்காகத்தான் செய்தான் என்பது அதை இன்னும் மோசமாக்கியது. என்னைக் கேட்காமல் என்னை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தியிருக்கிறான்.

திரும்பி வந்து அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிவப்பு விளக்கு அணைந்து என் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். உள்ளிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்த்து, "யாருங்க அது, காது கேக்கலையா? பின்னால ஆளுங்க நிக்கிறாங்கல்ல" என்று சத்தம் போட்டார்.

தியாகம் கியாகம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு உள்ளே ஓடிப்போய் அந்த மேஜைமேல் படுத்துக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது.  சாவு பயம் வந்தால் வாய் இப்படி உலர்ந்துபோகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அம்மா, "உங்களத்தான் கூப்பிடறாங்க போல, போங்க, போங்க" என்று என் பையை எடுத்து என் கையில் கொடுத்தபோது என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

தம்பி என்னையே பார்த்தபடி நின்றான். நானும் அவனைப் பார்த்தேன். சின்ன வயதில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் ஒரு நடை நடப்பான், கால் தரையில் படாத மாதிரி. அந்த நடையில் போய்ப் பெரிய டாக்டரின் அறைக்கதவைத் தட்டினான்.

வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. டாக்டர் முதலில் வந்தார், பின்னால் இவன். டாக்டர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவர் முகம். நர்சைக் கூப்பிட்டு, மெஷின் போட்ட வரிசையை இன்றோடு விட்டுவிடுங்கள், ஜீரோ வந்தவர்கள் எல்லோருக்கும் போன் போடுங்கள், முதலில் ரத்தம் கொடுத்தவர் முதலில் என்றார். ஜீரோ வந்தவர்களில் முதலில் கொடுத்தவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"நானா? இப்பவேவா?" என்று எழுந்தாள். கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. நடுவில் ஒருவர் வெளியே வந்து டாக்டரை உள்ளே கூட்டிப்போனார்.

வெளியே வந்தவள் சட்டையைச் சரிசெய்துகொண்டே வந்தாள். "ஒண்ணும் சொல்லல. மூச்சப் பிடிங்க, விடுங்கன்னாங்க. திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாங்க. ரிசல்ட்டு நாளைக்காம்." பிறகு தம்பியைப் பார்த்தாள். "நீங்கதான் டாக்டர்கிட்ட சொல்லி என்னைய முன்னாடி கூப்பிட்டீங்கன்னு நர்சு சொன்னாங்க. நல்லா இருப்பீங்க தம்பி. யாரு இந்தக் காலத்துல முன்பின் தெரியாதவங்களுக்குச் செய்யறாங்க."

தம்பியின் கண்கள் கலங்கிவிட்டன. அவள் அதையும் தப்பாகப் புரிந்துகொண்டு அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"உக்காருங்கம்மா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான்.

அப்போது என்னைக் கூப்பிட்டார்கள். டோக்கன் வாங்கியவர்களில் மிச்சம் நான்தான், ஜீரோ வரிசையில் அடுத்தவர்கள் வீட்டிலிருந்து வந்து சேர நேரமாகும், அதுவரை ஸ்கேன் மெஷின் சும்மாதானே கிடக்கிறது என்றார் டாக்டர். உள்ளே குளிர். மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள், விடச் சொன்னார்கள். வெளியே அவன் என்ன வார்த்தையில் சொல்லிக்கொண்டிருப்பான் என்றே நினைத்துக்கொண்டிருந்ததில் இரண்டு தடவை தப்பாக மூச்சு விட்டேன்.

நான் வெளியே வந்தபோது அந்த அம்மா அழவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்க ரத்தத்தையா என்னோடதுல கழிச்சாங்க?"

"ஆமா."

"அப்ப உங்களுக்கும் இருக்கு."

"இருக்கும் போலத்தான் தெரியுது."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வரிசையின் அந்தக் கடைசி நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள். மகளுக்கோ யாருக்கோ போன் போட்டு, வர நேரமாகும், எனக்காகக் காத்திருக்காதே, சாப்பிட்டுவிடு என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் கைப்பையாலேயே அடித்திருப்பேன்.

மறுநாள் தம்பி மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனான். நான் கடையைத் திறந்து ஒரு பெரியவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவிலிருந்து ஓடி வந்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு.

"அக்கா, எடுத்துடலாமாம். ஒரு பக்கம்தான் இருக்காம். மெதுவா வளர்ற ஜாதி மாதிரி தெரியுதாம். வேற எங்கயும் பரவல. அடுத்த வாரமே ஆபரேஷன் பண்ணிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

பெரியவர் பரிசோதனைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். சந்தோஷம்தான். இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். உயிர் போகாது என்று கேட்டால் உடம்பு தானாகச் சந்தோஷப்பட்டுவிடுகிறது, நம்மைக் கேட்பதில்லை.

"அந்த கண்டக்டரம்மாவுக்கு?"

"நீ மொதல்ல துணிமணி எடுத்து வை. ரெண்டு நாள் முன்னாடியே வந்து சேரணுமாம்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

சிரிப்பு அவன் முகத்தைவிட்டுப் போகத் தெரியாமல் அப்படியே நின்றது. அதோடேயே சொன்னான்.

"கல்லீரல் வரைக்கும் போயிடுச்சாம். ரத்தம் குடுத்தப்பவே பாத்திருந்தா எடுத்திருக்கலாம்னாங்க. இப்ப திறந்து பிரயோஜனம் இல்லையாம். வலிக்கு மருந்து எழுதிக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்கக்கா."